முதல்முறை பரிஸ்டா பயிற்சி: எதை விசாரித்துச் சேர்வது?

புதுக்கொட்டை:

வணக்கம். காபி கடையில் பரிஸ்டா (மெஷினில் காபி போடுகிறவர்) வேலைக்குச் சேரலாம் என்று இருக்கிறேன். எஸ்பிரெசோ மெஷினை எட்ட நின்று பார்த்ததோடு சரி, கை வைத்ததில்லை. விசாரித்ததில் மூன்று விதமான வகுப்புகள் கண்ணில் பட்டன. முதலாவது ஒரே நாள், எஸ்.சி.ஏ. என்ற காபி அமைப்பின் பவுண்டேஷன் சான்றிதழோடு முடிகிறது. இரண்டாவது ஐந்து நாள். நடத்துகிறவர்களே தங்கள் பெயரில் சான்றிதழ் தருகிறார்கள், லாட்டே ஆர்ட்டும் (பால் நுரையால் கோப்பையில் படம் போடுவது) உண்டாம். மூன்றாவது முழுக்க ஆன்லைன். வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் டிக் செய்தால் சான்றிதழ் வந்துவிடும்.

மூன்று விளம்பரங்களிலும் "முன் அனுபவம் தேவையில்லை, முடித்ததும் வேலைக்குத் தயார்" என்று ஒரே வசனம்தான். எதை வைத்துத் தரம் பிரிப்பது? பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு என்னென்ன கேட்க வேண்டும்? வேலை கேட்டுப் போகும் இடத்தில் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?

அரவை அளவு:

எத்தனை நாள் வகுப்பு என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கை வழியாக எத்தனை கிராம் கொட்டையும் எத்தனை லிட்டர் பாலும் போகும் என்று முதலில் கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் வராத இடத்தைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

ஒருமுறை இறக்குகிற எஸ்பிரெசோவுக்கு ஷாட் என்று பெயர்; தூள் போடும் சல்லடைக் கிண்ணம் பேஸ்கட். இரட்டை ஷாட் பேஸ்கட்டுக்கு 18 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 55 ஷாட் வரும். அரவையை மாற்றும்போது கொட்டிக் கழிக்கிற தூள் போக 45 தேறினால் அதிகம். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ கொட்டையை வைத்து ஒரு நாளை ஓட்டினால் தலைக்கு ஐந்தாறு ஷாட்தான். அதில் பாதி, போர்ட்டாஃபில்டரை (பேஸ்கட்டைத் தாங்கும் கைப்பிடி) மாட்டிக் கழற்றப் பழகுவதிலேயே போய்விடும். தலைக்கு 30 ஷாட்டாவது சொந்தக் கையால் இறக்கினால்தான் கை ஒரு வழிக்கு வரும் என்பது என் கணிப்பு. ஆக, ஒருவருக்கு அரைக் கிலோவுக்கு மேல் கொட்டை ஒதுக்கியிருக்க வேண்டும்.

நேரக் கணக்கும் பாருங்கள். புதிதாக வருகிறவர் தூளை அரைத்து, சமன்படுத்தி, அழுத்தி, ஷாட் இறக்கி, ருசி பார்த்து, சக்கையைத் தட்டித் துடைத்து முடிக்க மூன்று நிமிடம் ஆகும். ஒரு குரூப் ஹெட்டுக்கு (போர்ட்டாஃபில்டரை மாட்டுகிற இடம்) எட்டுப் பேர் என்றால் ஒருமுறை போட்டவருக்கு மறுபடி முறை வர 24 நிமிடம். இதனால்தான் இரண்டு குரூப் உள்ள மெஷினுக்கு நான்கு பேருக்கு மேல் சேர்க்கிற வகுப்பை நான் சிபாரிசு செய்வதில்லை.

மெஷின் எண்ணிக்கையைச் சொல்லி அசத்துகிற இடங்களில் கிரைண்டர் எத்தனை என்றும் கேளுங்கள். பெரும்பாலும் நெரிசல் அங்கேதான். ஒரே கிரைண்டரில் இரண்டு பேர் மாறி மாறி அரவையைத் திருப்பினால் ஒருவர் வைத்த அளவை இன்னொருவர் கெடுத்துக்கொண்டே இருப்பார். யாருக்கும் எதுவும் புரியாது.

அடுத்து, எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: "கிரைண்டரின் அளவை மாணவர்களே மாற்றலாமா?" காலையிலேயே பயிற்சியாளர் அரவையைச் சரிசெய்து வைத்துவிட்டு, மாணவர்களைப் பொத்தான் மட்டும் அழுத்த விடுகிற வகுப்புகள் நிறைய உண்டு. எல்லார் கோப்பையிலும் நல்ல ஷாட் வரும், படமெடுக்க அழகாக இருக்கும். ஆனால் கடையில் புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஹாப்பரில் (கிரைண்டரின் மேல் கிண்ணம்) கொட்டிய நிமிடத்தில் கை நின்றுவிடும்.

வகுப்பில் நடக்க வேண்டியது இதுதான். தராசில் 18.0 கிராம் தூள். 36 கிராம் பானம் வந்ததும் நிறுத்தம். பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 வினாடி. இவை தொடங்குவதற்கான எண்கள். கொட்டைக்குத் தக்கபடி பிறகு மாறும். முதல் ஷாட் 17 வினாடியிலேயே 36 கிராமைத் தொட்டுவிட்டது என்று வைப்போம். அரவை பருமன், தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிட்டது. நாக்கில் புளிப்பும் உப்புச் சாயலும் நிற்கும். ஒரு கோடு நைசாக்க வேண்டும். கிரைண்டர் ஓடும்போதே திருப்புங்கள். நின்றிருக்கும்போது நைசுப் பக்கம் திருப்பினால் பர்களுக்கு (அரைக்கும் பற்சக்கரங்கள்) நடுவே மாட்டிய துண்டுகள் நெரிபட்டு அடைக்கும். திருப்பிய பிறகு ஐந்து முதல் பத்து கிராம் அரைத்துக் கொட்டுங்கள், ஏனென்றால் பர்களிலும் வாய்ப் பகுதியிலும் பழைய அளவுத் தூள் இன்னும் தங்கியிருக்கும். இதைச் சொல்லித்தராத வகுப்பில் மாணவர் திருப்புவார், ஷாட் மாறாது, இன்னும் திருப்புவார், அடுத்த ஷாட் 50 வினாடிக்கு இழுத்துக் கசந்து நிற்கும். தூளின் எடையையும் அரவையையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது என்பதும் இதே பாடத்தில் வர வேண்டும்.

நேரம் சரியாக இருந்தும் ருசி ஒரே வாயில் புளிப்பும் கசப்புமாக வந்தால் அது சேனலிங். தண்ணீர் தூள் முழுவதையும் நனைக்காமல் ஒரு ஓட்டை கண்டுபிடித்து அது வழியே பாய்ந்திருக்கிறது. டேம்பர் (தூளை அழுத்தும் கருவி) சாய்ந்திருக்கலாம், தூள் கட்டி கட்டியாக விழுந்திருக்கலாம், பேஸ்கட்டில் ஈரம் இருந்திருக்கலாம். அழுத்தி முடித்த பிறகு போர்ட்டாஃபில்டரின் விளிம்பை டேம்பரால் தட்டுகிற பழக்கமும் ஒரு காரணம். தூள் வில்லை ஓரத்தில் விட்டுவிடும். அடிப்பகுதி திறந்த போர்ட்டாஃபில்டர் ஒன்றாவது பயிற்சிக் கூடத்தில் இருந்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும்: தூள் சரியாக இருந்தால் கீழே சொட்டுகள் சேர்ந்து நடுவில் ஒரே தாரையாகத் தொங்கும், சேனலிங் இருந்தால் ஓரத்தில் வெளிறிய ஒரு புள்ளி தோன்றி, அங்கிருந்து மெல்லிய பீச்சு சட்டையில் அடிக்கும். "பாட்டம்லெஸ் போர்ட்டாஃபில்டர் வைத்துக் காட்டுவீர்களா?" என்று கேட்டாலே எதிர்முனையில் பேசுகிறவருக்கு விஷயம் தெரியுமா என்பது விளங்கிவிடும்.

நுரை பக்கம்:

அரவை அளவு சொன்னது ஷாட்டுக்கு. பாலுக்கும் அதே கணக்கைப் போடுங்க. 350 மில்லி பிட்சர்ல (பால் ஜாடி) ஒரு தடவைக்கு 180-லேர்ந்து 200 மில்லி பால் ஊத்துவோம். ஒரு லிட்டருக்கு அஞ்சு தடவை. இருபது தடவை நீங்களே ஸ்டீம் பண்ணணும்னா நாலு லிட்டர். "எட்டுப் பேருக்கு ஆறு லிட்டர் வாங்கி வெச்சிருக்கோம்"னு சொன்னா தலைக்கு நாலு தடவைக்குக் கூட வராது.

சில இடத்துல பாலுக்குப் பதிலா தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஸ்டீம் பண்ண வைப்பாங்க. வாண்ட் (ஸ்டீம் வர்ற குழாய்) நுனியை எங்க வைக்கணும், சுழல் எப்படி வருதுன்னு பாக்க அது நல்ல வழிதான். முதல் அரை மணி நேரத்துக்கு ஓகே. அதுலயே நாளை ஓட்டினா ஏமாத்து. சோப்புத் தண்ணி எந்தச் சூட்டுலயும் நுரைக்கும், பால் அப்படி இல்ல.

பால் பாடம் சரியா நடக்குதான்னு பாக்க இதை மனசுல வெச்சுக்கோங்க. பால் ஃபிரிட்ஜ்லேர்ந்து நேரா வரணும், 4 டிகிரி கிட்ட. ஜில்லுனு இருந்தாதான் காத்து ஏத்தவும் சுழட்டவும் நேரம் கிடைக்கும். முதல்ல வாண்டைத் திறந்து உள்ள நிக்கிற தண்ணியை வெளியேத்தணும். நுனி பால் மட்டத்துக்குக் கீழ மட்டுமட்டா, நடுவுல இல்லாம கொஞ்சம் ஓரமா. ஸ்டீமை முழுசாத் திறக்கணும். பயந்து பாதி திறந்தா சுழல் வராது, குமிழ்தான் வரும். காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம் வரும், அதுதான் காத்து ஏர்ற சத்தம். லாட்டேக்கு அது ரெண்டு மூணு வினாடி போதும், கேப்பச்சீனோவுக்கு இன்னும் கொஞ்சம். பிட்சரோட ஜில்லு போய் கை சூட்டுக்கு வர்றதுக்குள்ள காத்து வேலை முடிஞ்சிருக்கணும், 37 டிகிரின்னு வெச்சுக்கோங்க. அப்புறம் நுனியை ஒரு நகம் அளவு உள்ள இறக்கி, சத்தமில்லாம சுழல விட்டு, 60-லேர்ந்து 65 டிகிரிக்குள்ள நிறுத்தணும். பாலுக்குள்ள இருக்கும்போதே மூடிட்டுத்தான் வெளிய எடுக்கணும். உடனே ஈரத்துணியால வாண்டைத் துடைச்சு, மறுபடி ஒரு வினாடி ஊதி விடணும்.

முள்ளு தெர்மாமீட்டர் குடுத்தாங்கன்னா அது கொஞ்சம் தாமதமாத்தான் காட்டும். 65-ஐ முள்ளு தொடுற வரைக்கும் நின்னா பால் 70-ஐத் தாண்டியிருக்கும். வேகவெச்ச வாடை வந்துடும், இனிப்பு மங்கிடும், நுரை பொதபொதன்னு பிரிஞ்சு நிக்கும். ஒரு தடவை சூடு பண்ணின பாலை மறுபடி ஸ்டீம் பண்ணச் சொல்ற வகுப்புன்னா எழுந்து வந்துடலாம். அதுல நல்ல நுரை வரவே வராது, நீங்க உங்க கை மேல சந்தேகப்படுவீங்க.

கீச்சுன்னு கத்துச்சுன்னா காத்தே ஏறாம நுனி ஆழத்துல மாட்டியிருக்குன்னு அர்த்தம். பெரிய பெரிய குமிழ் வந்தா நுனி ரொம்ப மேல இருக்கு, இல்லேன்னா சூடான பிறகும் காத்து ஏத்தியிருக்கீங்க. மேசையில ரெண்டு தட்டு தட்டிச் சுழட்டினா சின்னத் தப்பு மறையும், பெரிய தப்பு மறையாது.

லாட்டே ஆர்ட்டை விளம்பரத்துல பெரிசா போடுற வகுப்பைப் பாத்துக் கொஞ்சம் உஷாரா இருங்க. இதயம் வரலேன்னா முதல்ல பாலைப் பாக்கணும், கையை அப்புறம்தான் திருத்தணும். பால் பளபளன்னு ஒரே சீரா இருந்து, மேலேர்ந்து மெல்லிசா ஊத்தி, கோப்பை பாதி நிறைஞ்சதும் பிட்சர் மூக்கை மட்டத்துக்குக் கிட்ட கொண்டு போய் கொஞ்சம் வேகமா விட்டா வெள்ளை தானா விரியும். பால் பாடம் அரை மணி, ஸ்வானும் டியூலிப்பும் ரெண்டு நாள்னா தலைகீழா இருக்கு.

மாட்யூல் மூன்று:

சான்றிதழ் கேள்விக்கு வருகிறேன்.

எஸ்.சி.ஏ. என்பது ஸ்பெஷால்டி காபி அசோசியேஷன். அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இரண்டும் 2017-இல் ஒன்றாகி உருவானது. இவர்களின் பாடத்திட்டத்தில் பரிஸ்டா, ப்ரூயிங், கிரீன் காபி (வறுக்காத கொட்டை), ரோஸ்டிங், சென்சரி (ருசி, மணம் அறிதல்) என்று தனித்தனி மாட்யூல்கள். ஒவ்வொன்றிலும் பவுண்டேஷன், இன்டர்மீடியட், புரொபஷனல் என மூன்று படிகள். முறையே 5, 10, 25 புள்ளிகள். எல்லாருக்கும் பொதுவான அறிமுக மாட்யூலுக்கு 10. மொத்தம் 100 சேர்ந்தால் டிப்ளோமா. ஆக, நீங்கள் சொல்லும் ஒரு நாள் வகுப்பு இந்த ஏணியில் முதல் படி, 5 புள்ளி. காபியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கென்று வகுத்த படி அது; அதில் தேறியவரிடம் கூட்ட நேரத்துக் கவுண்டரை ஒப்படைக்கலாம் என்று அதை வகுத்தவர்களே சொல்லவில்லை.

பரிஸ்டா மாட்யூலில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. பயிற்சி தருகிறவர் எஸ்.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சியாளராக இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய சின்னத்தை நம்ப வேண்டாம். பயிற்சியாளரின் பெயரைக் கேட்டு வாங்கி, எஸ்.சி.ஏ. தளத்திலேயே தேடிப் பாருங்கள். "எஸ்.சி.ஏ. பாடத்திட்டத்தைத் தழுவியது", "எஸ்.சி.ஏ. தரத்திலானது" என்று வளைத்து எழுதியிருந்தால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது என்று பொருள். தேர்வுக் கட்டணமும் சான்றிதழ்க் கட்டணமும் வகுப்புக் கட்டணத்துக்குள் அடக்கமா, தேறாவிட்டால் மறுதேர்வுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு வாய்ச்சண்டை வேண்டாம்.

கியூ கிரேடர் என்ற பெயரையும் சிலர் நடுவே நுழைப்பார்கள். அது காபியை ருசி பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கான தகுதி. மெஷின் முன்னால் நிற்கப் போகிறவருக்கு இப்போது அது வேண்டாம்.

வேலை கேட்கும் இடத்தில், சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்தைக் குவியலில் மேலே கொண்டுவரும். அதற்குப் பிறகு, சோதனை ஷிஃப்டில் இரண்டு லாட்டே போடச் சொல்லிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அப்போது கடைக்காரர் ஷாட்டை மட்டும் பார்ப்பதில்லை. வாண்டைத் துடைத்தீர்களா, பேஸ்கட்டை உலர்த்தினீர்களா, பாலை எவ்வளவு வீணாக்கினீர்கள் என்றும் பார்ப்பார். இன்னொன்று: பல நாடுகளில் உணவைக் கையாளுகிறவருக்கு உணவுச் சுகாதாரப் பயிற்சிச் சான்று சட்டப்படியே தேவை. பரிஸ்டா வகுப்பு அதற்கு ஈடாகாது. அங்கங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதுக்கொட்டை:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாள் வகுப்புக்கு போன் போட்டேன். ஆறு பேர், இரண்டு குரூப் மெஷின் ஒன்று, கிரைண்டர் இரண்டு, அரவையை நாமே மாற்றலாம் என்றார்கள். கொட்டை தலைக்கு ஒன்றே கால் கிலோ, பால் ஐந்து லிட்டர். பாடத்திட்டமும் அனுப்பினார்கள்: முதல் நாள் காபியின் வரலாறும் வகைகளும், இரண்டாம் நாள் எஸ்பிரெசோ, மூன்றாம் நாள் பால், நான்காம் நாள் லாட்டே ஆர்ட், ஐந்தாம் நாள் தேர்வு. சுத்தம் செய்வது பற்றி ஒரு வரியும் இல்லை. இது போதுமா? ஆன்லைன் வகுப்பை மொத்தமாக மறந்துவிடலாமா? அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம்: ஒரே நாளில் இத்தனை எஸ்பிரெசோவை ருசி பார்த்தால் உடம்பு என்னாகும்?

அரவை அளவு:

எண்கள் நன்றாக இருக்கின்றன. ஆறு பேர் என்பது நான் சொன்னதை விட இரண்டு கூடுதல்தான். ஆனால் கொட்டையைத் தாராளமாக வைத்திருக்கிறார்கள், ஐந்து நாளும் இருக்கிறது, பரவாயில்லை. வரலாற்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியதுதான் இடிக்கிறது.

பழைய கேஸ்கெட்:

அந்த முதல் நாளை ஒரேயடியாகக் கழிக்க வேண்டாம். வாஷ்டு (பழச் சதையைக் கழுவி நீக்கியது), நேச்சுரல் (பழத்தோடு காயவைத்தது) என்று பதப்படுத்தும் முறை மாறினால் ருசி எப்படி மாறுகிறது, லைட் ரோஸ்டும் டார்க் ரோஸ்டும் மெஷினில் எப்படி வேறு வேறாக நடந்துகொள்கின்றன என்று கோப்பைகளை வரிசையாக வைத்துக் குடித்துப் பார்க்க வைத்தால் அது பயனுள்ள நாள். டார்க் ரோஸ்ட் எளிதில் நொறுங்கும், கரையும். லைட் ரோஸ்ட் கெட்டி, இன்னும் நைசாக அரைக்க வேண்டியிருக்கும். இது தெரிந்தால் இரண்டாம் நாள் பாதி வேலை மிச்சம். ஸ்லைடு போட்டு, காபியைக் கண்டுபிடித்த ஆட்டிடையன் கதை சொல்லிப் பொழுதை ஓட்டினால், அரவை அளவு சொல்வதுதான் சரி. "முதல் நாள் எத்தனை காபி ருசி பார்ப்போம்?" என்று கேட்டுவிடுங்கள்.

சுத்தம் இல்லாதது பெரிய ஓட்டை. "அது தினமும் வகுப்பு முடிவில் செய்வோம்" என்று சொல்லக்கூடும்; அப்படியானால் மாணவர் கையால் செய்வாரா, உதவியாளர் வந்து செய்துவிட்டுப் போவாரா என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கடையில் முதல் வாரம் கிடைக்கிற வேலையே இதுதான்.

குறைந்தது பேக்ஃபிளஷ் (குரூப் ஹெட்டின் உள்வழியைக் கழுவுவது) கற்றுத்தர வேண்டும். ஓட்டையில்லாத பேஸ்கட்டை மாட்டி, அதற்கென்றே உள்ள டிடர்ஜென்ட் தூள் சுமார் 3 கிராம் போட்டு, பம்பை 10 வினாடி ஓட்டி 10 வினாடி நிறுத்தி, இப்படி ஐந்து முறை. பிறகு போர்ட்டாஃபில்டரைக் கழற்றி அலசி, தூள் இல்லாமல் இன்னொரு ஐந்து முறை. கடைசியில் ஒரு ஷாட் இறக்கிக் கீழே ஊற்றிவிட வேண்டும். ஏன் இந்தப் பாடு? ஷாட் முடிந்து பம்ப் நின்றதும் உள்ளே உள்ள அழுத்தத்தை மூவழி வால்வு வெளியேற்றும். அந்த நேரத்தில் தூள் கலந்த தண்ணீர் குரூப் ஹெட் வழியே மேலே ஏறி வடிகாலுக்குப் போகும். போகிற வழியெல்லாம் எண்ணெய் படியும். இரண்டு நாள் விட்டால் அது சிக்குப் பிடித்து, அரவையை எப்படித் திருப்பினாலும் ஷாட்டில் ஒரு காறல் நிற்கும். புதியவர் அதை அரவைக் கோளாறு என்று நினைத்துக் கிரைண்டரோடு மல்லுக்கட்டுவார். ஒரு எச்சரிக்கை: மூவழி வால்வு இல்லாத சிறிய வீட்டு மெஷின்களில் இதைச் செய்யக் கூடாது.

வாண்டை ஏன் ஊதி விடச் சொல்கிறார்கள் என்பதும் பாடத்தில் வர வேண்டும். ஸ்டீமை மூடியதும் குழாய்க்குள் இருக்கிற ஆவி குளிர்ந்து சுருங்கிப் பாலை உள்ளே இழுக்கும். ஊதாமல் விட்டால் நுனித் துளையில் பால் காய்ந்து அடைக்கும். நான்கு துளையில் ஒன்று அடைத்தாலே சுழல் கோணிக்கொள்ளும். துணிகள் மூன்று வேண்டும்: வாண்டுக்கு ஈரத்துணி, பேஸ்கட்டுக்கு உலர்துணி, மேசைக்கு வேறு. வாண்டுத் துணியால் மேசையைத் துடைக்கிற பயிற்சியாளரைப் பார்த்தால் மற்றப் பாடங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். பாதாம், சோயா, ஓட்ஸ் பாலுக்குத் தனிப் பிட்சர் வைப்பது ஒவ்வாமை விஷயம், அதில் விளையாட்டு கூடாது.

போர்ட்டாஃபில்டரை மாட்டும்போது கைப்பிடி நேராக நம்மைப் பார்த்து நிற்க வேண்டும். அதைத் தாண்டி வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தால், இல்லை ஓரத்தில் தண்ணீர் கசிந்தால், கேஸ்கெட் (குரூப் ஹெட்டில் உள்ள ரப்பர் வளையம்) ஆயுள் முடிந்தது. பலத்தைப் போட்டு இறுக்கினால் மணிக்கட்டுதான் போகும். அழுத்தும்போதும் அப்படியே: முழங்கை வளைந்து, மணிக்கட்டு நேராக, உடல் எடை மேலிருந்து இறங்க வேண்டும். தூள் இனி இறங்காது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். எத்தனை கிலோ பலம் என்று தலையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. சாயாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஐந்தாம் நாள் தேர்வைப் பற்றியும் விசாரியுங்கள். ஒரு எஸ்பிரெசோ, ஒரு லாட்டே என்று தனித்தனியாக நிதானமாகப் போடுவது தேர்வாகாது. இரண்டு லாட்டே, ஒரு கேப்பச்சீனோ, ஒரு எஸ்பிரெசோ ஒரே சீட்டில் வந்தால் எதை முதலில் தொடுவது என்பதுதான் கடை வேலை. முதல் இரண்டு ஷாட் இறங்கிக்கொண்டிருக்கும் அந்த 30 வினாடிக்குள் பால் ஸ்டீம் ஆகிவிட வேண்டும். ஸ்டீம் செய்த பாலை வைத்துவிட்டு ஷாட்டுக்குக் காத்திருந்தால் நுரை மேலே, பால் கீழே என்று பிரிந்துவிடும். தனி எஸ்பிரெசோவைக் கடைசியில் இறக்கி, மற்றவற்றோடு சேர்த்து உடனே கொடுக்க வேண்டும், ஏனென்றால் சின்னக் கோப்பையில் அது சீக்கிரம் ஆறும், மேல் நுரையும் கலைந்துவிடும். இப்படி நான்கைந்து பானச் சீட்டுகளை நேரம் வைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டுவார்களா? ஓட்டினால் சேருங்கள்.

சிறுகரண்டி:

மிச்சம் இருக்கிற இரண்டு கேள்விக்கு.

ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. கையில் வர வேண்டிய வேலைக்கு வீடியோ உதவாது; ஷாட் ஓடுகிற நிறத்தையும் பால் சத்தத்தையும் யாராவது பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். அதே சமயம் பெயர்களையும் எண்களையும் வகுப்புக்கு முன்பே இலவச வீடியோக்களில் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டால் முதல் நாள் விழிக்க வேண்டியிருக்காது. குரூப் ஹெட், ஷவர் ஸ்கிரீன், டோஸ், யீல்ட், ரிஸ்ட்ரெட்டோ, ஃபிளாட் ஒயிட், இவை போதும். ஊற்றிப் பழக மெஷின் வேண்டாம்: மூக்கு வைத்த எந்தப் பாத்திரத்திலாவது தண்ணீர் எடுத்து, கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, தாரை மெல்லிசிலிருந்து தடிமனாக மாறுவதைக் கட்டுப்படுத்தப் பாருங்கள். தினம் பத்து நிமிடம் செய்தால் நான்காம் நாள் வித்தியாசம் தெரியும்.

வகுப்பில் ஒரு பயிற்சியை அவர்கள் செய்யாவிட்டாலும் நீங்களே கேட்டுச் செய்யுங்கள். ஒரே ஷாட்டை மூன்று கோப்பையில் பிரித்துப் பிடிப்பது. முதல் 10 வினாடி ஒன்று, அடுத்த 10 ஒன்று, கடைசி 10 ஒன்று. முதலாவது கெட்டியாக, சுளீரென்று புளிக்கும்; இரண்டாவதில் இனிப்பு தலைகாட்டும்; மூன்றாவது வெளுத்து நீர்த்துக் கசக்கும். தனித்தனியாக எதுவும் நன்றாக இருக்காது. மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிக் குடித்துப் பாருங்கள். ஷாட்டை எங்கே நிறுத்துவது என்பது அப்போது நாக்குக்கே புரியும். அதற்கப்புறம் "புளிக்கிறது, அரவையை எந்தப் பக்கம் திருப்புவது?" என்று யாரையும் கேட்க மாட்டீர்கள்.

காஃபீன் விஷயம் சின்னச் சந்தேகம் இல்லை. 18 கிராம் தூளில் இறக்கிய ஒரு ஷாட்டில், கொட்டையைப் பொறுத்து, ஏறத்தாழ 120 முதல் 170 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை, ஒரே தடவையில் 200 வரை கவலை இல்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200தான். மூன்று ஷாட்டை முழுசாகக் குடித்தாலே எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அதனால் கரண்டியால் ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிடுங்கள். துப்புவதற்கென்று தனிக் கோப்பை தரச் சொல்லுங்கள். முறையாக நடத்துகிற இடத்தில் கேட்காமலே தருவார்கள். எஸ்பிரெசோவை ஆறவிட்டுக் கலக்கி ருசித்தால் குறை நன்றாகத் தெரியும், சூட்டில் எல்லாம் மறைந்துவிடும். காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் பாட்டிலைக் கையோடு வைத்திருங்கள். பால் பாடத்தன்று போட்ட லாட்டேயை எல்லாம் வீணாகிறதே என்று குடித்துத் தீர்க்க வேண்டாம். ஐந்து லிட்டரை யாரும் குடிக்க முடியாது. இதயப் படபடப்போ தூக்கக் கோளாறோ ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். டீகாஃப் (காஃபீன் நீக்கிய) கொட்டையில் பயிற்சி செய்யலாமா என்று நிலையத்திலும் கேட்கலாம். அரவை அளவு மட்டும் வேறாக இருக்கும், கை வேலை அதேதான்.